கடைசிக் கேள்விக்கு முஸ்பிறா சொன்ன கிழமை

கல்முனையில் அரச அலுவலகமான கந்தோருக்கு ஏதும் வேலையாகப் போகிறவர்கள் முதலில் நளீம் கொமினிகேஷனுக்குள் நுழைவார்கள். அங்கே போட்டோக் கொப்பி இயந்திரத்துக்கும் சோடாப் பெட்டிக்கும் நடுவில் ஒரு மேசை, மேசையில் ஒரு மடிக்கணினி, அதற்குப் பின்னால் முஸ்பிறா. பிறப்புப் பதிவு, பெயர்த் திருத்தம், காணி உறுதி தொலைந்துபோனதற்கு ஒரு சத்தியக் கடதாசி, எதுவானாலும் வாயால் சொன்னால் போதும். கேட்டுக்கொண்டே அடிப்பாள். சொல்கிறவர் பக்கத்து வீட்டு வேலிச் சண்டை வரைக்கும் போய்வந்தாலும் அவள் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்வாள். அவர் கதையை முடிக்கும்போது கடிதம் அச்சாகிச் சூடாகக் கையில் இருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் அவளுடைய வயிற்றெரிச்சல். கடிதத்தை வாங்கியவர் நேரே கந்தோருக்குப் போகமாட்டார். வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்துப் பாமசிக்குப் போவார். பாமசி வாசலில் முபாறக் சேர் கதிரை போட்டு இருப்பார். மருந்துக் கடை மகனுடையது, கதிரை அவருடையது. முப்பத்திரண்டு வருடம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

“சேர், இத ஒருக்காப் பாருங்க. முஸ்பிறா அடிச்சது.”

சேர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுப்பார். இதற்கு யாரிடமும் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடித்ததில்லை. ஊருக்குச் செய்யும் உபகாரம் என்றே நினைத்துச் செய்தார். ஆனால் ஒரு காற்புள்ளியாவது போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்ததும் இல்லை. சிவப்புப் பட்ட தாள் மறுபடி வீதியைக் கடந்து வரும். முஸ்பிறா மறுபடி அடிப்பாள். காற்புள்ளி இல்லாவிட்டாலும் அந்தக் கடிதத்தைக் கந்தோரில் எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் கேட்கிறவர் யார்?

“ஒரு நாளைக்காவது என்ட கடுதாசி அந்த ரோட்டக் கடக்காம நேரா கந்தோருக்குப் போகணும்டா” என்று தம்பி நளீமிடம் சொல்வாள். கடை அவனுடையது.

“அதுக்கு ரோட்டுக்கு நடுவுல மதில்தான் கட்டணும் ராத்தா.”

“சிரிக்காத. இருவது வருசமா அடிக்கிறன். எத்தின கடுதாசி பிழையெண்டு திரும்பி வந்திரிக்கி, சொல்லு பாப்பம்?”

“ஒண்டு வந்திச்சே.”

“அது ஒண்டுதான்!”

ஊருக்கு அவள் எட்டாம் வகுப்புக்காரி. பதினான்கு வயதில் உம்மா படுக்கையில் விழுந்தபோது பள்ளிக்கூடப் பையைச் சுவரில் தொங்கவிட்டவள், திரும்ப எடுக்கவில்லை. அவளுக்கு இருபத்தொரு வயதாக இருந்தபோது கடல் வந்தது. கரையோரத்து வீடுகளோடு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம் எல்லாம் போயின. அகதி முகாமில் விண்ணப்பப் படிவங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார்கள். நிரப்புவதற்கு ஆள் இல்லை. முஸ்பிறாவின் எழுத்து உருண்டை உருண்டையாக, வாசிக்கத் தோதாக இருந்தது. முதல் நாள் பக்கத்துப் பாய்க்காரிக்கு ஒன்று எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவளுடைய பாயைச் சுற்றி வரிசை நின்றது. அந்த வரிசை இன்று வரைக்கும் முடியவில்லை. பாய் மேசையாகி, பேனை மடிக்கணினியாகியிருக்கிறது, அவ்வளவுதான். கணவன் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறான். மகள் றுக்ஸானா உயர்தரம் படிக்கிறாள்.

றுக்ஸானாதான் இந்தக் கதையைத் தொடக்கிவிட்டவள். தொலைக்காட்சியில் ஞாயிறு பின்னேரம் போகும் ‘யார் முந்தி’ என்ற கேள்வி விடை நிகழ்ச்சியை உம்மாவும் மகளும் தவறவிடுவதில்லை. மூன்று பேர் மூன்று மணிகளுக்கு முன்னால் நிற்பார்கள். கேள்வி முடிவதற்குள் முஸ்பிறா அடுப்படியிலிருந்தே விடை சொல்லிவிடுவாள். ஒருநாள் மகள் தொலைபேசியில் விண்ணப்பத்தை நிரப்பி, உம்மாவைக் கேட்காமலே அனுப்பிவிட்டாள். கல்முனையில் வைத்துத் தெரிவுப் பரீட்சை நடந்தது, அங்கே விவரப் படிவத்தை முஸ்பிறாவே நிரப்பினாள். நூற்றுச் சொச்சம் பேர் எழுதினார்கள். மூன்று பேரை எடுத்தார்கள். பாண்டிருப்பிலிருந்து கிசோக் என்ற இளம் வங்கி உத்தியோகத்தர். கல்முனையிலிருந்து முஸ்பிறா. கல்முனையிலிருந்தே இன்னொருவர், முபாறக் சேர்.

செய்தி ஊருக்குள் பரவ அரை நாள் போதுமாக இருந்தது. கடிதம் அடிக்க வந்த அச்சிமுகம்மது என்ற வயற்காரர், “என்ன கா முஸ்பிறா, சேரோட போட்டியா? பாத்து, அங்கயும் செவப்புப் பேனையக் கொண்டு வந்திருவாரு” என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் கணக்குப் போட்டாள். வென்றால் கதை வேறு. தோற்றால், அதுவும் சேருக்கு முன்னால் ஊரே பார்க்கத் தோற்றால், இனி அந்த வீதியைக் கடக்காமல் ஒரு தாள்கூடப் போகாது. பிறகு காலம் முழுக்க அவள் சேரின் எடுபிடிதான்.

நிகழ்ச்சிக்காரர்கள் வேன் அனுப்பினார்கள். றுக்ஸானாவும் கூடப் போனாள். கொழும்பு போகும் வழியெல்லாம் சேர் பின் ஆசனத்திலிருந்து நல்ல மனதோடு புத்தி சொல்லிக்கொண்டு வந்தார். “புள்ள, தெரியாத கேள்விக்கு மணிய அமுக்காத. பிழை சொன்னா புள்ளி கழிப்பாங்க. அவசரம்தான் அங்க ஆளக் கெடுக்கிறது.”

“சரி சேர்” என்றாள் முஸ்பிறா.

கலையகத்துக்குள் குளிர் எலும்பில் பிடித்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. நிகழ்ச்சி நடத்தும் பெண் ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்தார். “முபாறக், கலைப் பட்டதாரி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கிசோக், வணிக முகாமைத்துவப் பட்டதாரி. முஸ்பிறா...” அட்டையைப் பார்த்து ஒரு கணம் நின்றார். “எட்டாம் வகுப்பு.” பார்வையாளர் பக்கத்தில் ஒரு சலசலப்பு. முஸ்பிறா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேரே பார்த்தாள். விண்ணப்பத்தில் பொய் எழுதக் கூடாது என்று இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவள். தனக்கு மட்டும் எழுதுவாளா?

முதல் சுற்று அவளுக்கு நல்லபடியாக அமையவில்லை. ஆளுக்கு ஆறு கேள்வி. தங்கத்தின் வேதியியல் குறியீட்டைக் கேட்டார்கள். வேதியியல் புத்தகம் திறக்கும் வகுப்புக்கு அவள் போனதே இல்லை. ஒலிம்பிக் கேட்டார்கள், தெரியாது. தேசிய அடையாள அட்டையின் புதிய இலக்கத்தில் எத்தனை எண்கள் என்று கேட்டபோதுதான் மூச்சு வந்தது. “பன்ரெண்டு” என்றாள். சேரோ கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன ஆண்டு, நாடு குடியரசான ஆண்டு என்று வகுப்பில் நிற்பதுபோலச் சொல்லிக்கொண்டு போனார். சுற்று முடிவில் சேர் ஐம்பது, கிசோக் நாற்பது, முஸ்பிறா இருபது.

இரண்டாவது படச் சுற்று. ஐந்து படம், மணியை முந்தி அமுக்கினவருக்கு விடை. ஒரு படத்தில் மேல் பாதி மறைக்கப்பட்ட அரச படிவம் ஒன்று வந்தது. கூடுகளும் கோடுகளும் மட்டும்தான் தெரிந்தன. மற்ற இருவரும் கண்ணைச் சுருக்கும்போதே அவள் அமுக்கிவிட்டாள். “விவாகப் பதிவு.”

“எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

“ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு கூடு இரிக்கி. பொறப்புக்கும் மௌத்துக்கும் ஒராள்தானே.”

பார்வையாளர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். அந்தச் சிரிப்பு அவளுடைய முதுகிலிருந்த குளிரை எடுத்துவிட்டது. அடுத்து ஒரு பெரிய குளக்கட்டு. வேறு படங்களில் பார்த்துத் தெரிந்துகொள்ள அவசியமில்லை, அந்தத் தண்ணீரில்தான் ஊர் வயல்கள் விளைகின்றன. “சேனாநாயக்க சமுத்திரம்.” இன்னொன்றும் அவளுக்கே விழுந்தது. சேர் அறுபது, கிசோக் ஐம்பது, முஸ்பிறா ஐம்பது.

மூன்றாவது மணிச் சுற்று. பத்துக் கேள்வி. அவளுடைய விரல்கள் பழக்கப்பட்ட விரல்கள். மடிக்கணினியில் எழுத்தைத் தேடாமல் அமுக்குவதுபோல மணியை அமுக்கின. “பழைய அடையாள அட்டை இலக்கத்தில், பெண்களின் பிறந்த நாள் எண்ணோடு எத்தனையைக் கூட்டுவார்கள்?” கேள்வி முடியவில்லை, மணி அடித்துவிட்டது. “ஐநூறு!” கிசோக் அவளைத் திரும்பிப் பார்த்து, “அக்கா, நீங்க எங்களை மணியைத் தொடவே விடமாட்டீங்க போல” என்றான். சேர் சிரிக்கவில்லை. அவரும் விடவில்லை. ஒன்றுக்கு அவள் அமுக்கினால் அடுத்ததற்கு அவர் அமுக்கினார். ஒன்பது கேள்வி முடிந்தபோது சேர் நூறு, முஸ்பிறா தொண்ணூறு, கிசோக் அறுபது.

கடைசிக் கேள்விக்கு இரட்டைப் புள்ளி. சரியென்றால் இருபது கூடும், பிழையென்றால் இருபது கழியும்.

“இது உங்கள் மண்ணின் வரலாறு” என்றார் நடத்தும் பெண். “ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதம் இருபத்துமூன்றாம் திகதி பெரும் சூறாவளி கிழக்குக் கரையைத் தாக்கியது. அந்தத் திகதி என்ன கிழமை?”

சேரின் மணி கேள்வியோடு சேர்ந்தே அடித்தது.

“வெள்ளிக்கிழமை!” என்றார். குரலில் சந்தேகம் மருந்துக்கும் இல்லை. “நான் அந்த ராவு இரிந்தன். எனக்குப் பதினாலு வயசு. எங்கட ஊட்டுக் கூரை பறந்தது. வெள்ளிராவு.”

நடத்தும் பெண் அட்டையைப் பார்த்தார். “மன்னிக்கவும். பிழை.”

சேரின் முகம் அணைந்த மின்குமிழாகிவிட்டது. பலகையில் நூறு எண்பதானது.

“விதிப்படி இந்தக் கேள்வி இரண்டாவது இடத்தில் நின்றவருக்குப் போகிறது. முஸ்பிறா, கவனமாகக் கேளுங்கள். உங்களிடம் தொண்ணூறு இருக்கிறது. நீங்கள் விடை சொல்லாமல் விட்டால் பத்துப் புள்ளியால் இப்போதே வெற்றி உங்களுக்கு. பிழையாகச் சொன்னால் எழுபதுக்கு இறங்கிவிடுவீர்கள், முபாறக் வென்றுவிடுவார். சொல்கிறீர்களா, விடுகிறீர்களா?”

பார்வையாளர் வரிசையிலிருந்து றுக்ஸானா இரண்டு கையாலும் ‘விடுங்க, விடுங்க’ என்று சைகை காட்டினாள். நியாயம்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் வெற்றி. ஆனால் முஸ்பிறா ஊரை நினைத்துப் பார்த்தாள். அச்சிமுகம்மதின் குரல் காதுக்குள் கேட்டது. ‘சேருக்கு ஒண்டு சறுக்கிப் போச்சு, அதுல இவள் தப்பிட்டாள்.’ அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே தாளைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடப்பார்கள்.

அவளுக்கு விடை தெரியும். தெரியும் என்பதுதான் பிரச்சினையே.

நளீம் சொன்னானே ஒன்று திரும்பி வந்தது என்று, அந்தக் கடிதம் ஒரு மீனவப் பெண்ணுடைய பிந்திய பிறப்புப் பதிவு. “நான் வெள்ளிராவு பொறந்த” என்று அவள் சொன்னாள். முஸ்பிறா வெள்ளிக்கிழமை என்று அடித்தாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வியாழன் என்று இருந்தது. கந்தோரில் திருப்பிவிட்டார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கரையின் முஸ்லிம் வீடுகளில் பொழுது பட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் அந்த நாள் முடிந்தது. அதற்குப் பிறகு வரும் இரவு அடுத்த நாளுக்குச் சொந்தம். வியாழக்கிழமை பொழுது பட்டு யாசீன் ஓதக் கூடுகிறவர்கள் வெள்ளிராவு ஓத வந்திருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கந்தோர் நாட்காட்டிக்கு நடுச்சாமத்தில்தான் நாள் மாறும். அன்றிலிருந்து யார் வந்து பிறந்த நாள் சொன்னாலும் “மஃரிபுக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்காமல் அவள் ஒரு எழுத்து அடிப்பதில்லை.

சேர் சொன்ன இரவு வியாழக்கிழமை இரவு. அவள் சரிபார்க்க இன்னொரு வழியையும் தேடினாள். வேலை அப்படிப் பழக்கியிருந்தது. ஒரு திகதியை இரண்டு பக்கத்தால் பார்க்காமல் விடமாட்டாள். போன வருடம் அட்டாளைச்சேனையிலிருந்து ஒருவர் வந்தார். சூறாவளிக்கு அடுத்த வெள்ளி, கூரையில்லாத பள்ளியில் ஜும்ஆ தொழுதுகொண்டிருந்த நேரம் பிறந்தவர். பட்டப்பகல். அவருடைய பத்திரத்தில் டிசம்பர் ஒன்று. டிசம்பர் ஒன்று வெள்ளியென்றால், ஏழைக் கழித்தால் நவம்பர் இருபத்துநாலு வெள்ளி. இருபத்துமூன்று?

“நான் சொல்றன்” என்றாள்.

றுக்ஸானா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“வியாழக்கிழமை.”

நடத்தும் பெண் வேண்டுமென்றே தாமதித்தார். அட்டையைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். “வியாழக்கிழமை... சரியான விடை! நூற்றுப்பத்துப் புள்ளிகள்! எட்டாம் வகுப்பு முஸ்பிறா இன்றைய வெற்றியாளர்!”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மேலேயிருந்து நிறக் கடதாசித் துண்டுகள் கொட்டின. றுக்ஸானா கதிரைகளைத் தாண்டி ஓடி வந்தாள். கிசோக் கைகொடுக்க வந்து, பிறகு நினைவு வந்தவனாக நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தான்.

முபாறக் சேர் மட்டும் தன் மணிக்கு முன்னாலேயே நின்றார். “அதெப்படிப் புள்ள?” என்றார். “நான் கண்ணால கண்டவன். நீ பொறக்கவே இல்ல. எங்க உம்மா மௌத்தாகும் மட்டும் வெள்ளிராவு வெள்ளிராவு எண்டுதானே சொன்னா?”

“உங்கட உம்மா சொன்னது சரி சேர். அண்டு மஃரிபுக்குப் பொறவுதானே காத்து அடிச்ச?”

“ஓம். இசாத் தொழுகைக்கு முந்தி ஓடு கழரத் தொடங்கிட்டு.”

“அப்ப உங்கட ராவும் சரிதான். கலண்டர்லதான் அது வியாழன்.”

சேர் விரலை மடித்து ஏதோ எண்ணினார். பிறகு மெல்லிய குரலில், “முப்பத்திரண்டு வருசம் நான் புள்ளைகளுக்கு வெள்ளி எண்டு படிப்பிச்சிட்டனே, யா அல்லாஹ்” என்றார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பாக மூன்று வாரம் இருந்தது. அதுவரைக்கும் முடிவை யாரிடமும் சொல்லமாட்டோம் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அந்த மூன்று கிழமையும் முஸ்பிறாவுக்கு முப்பது கிழமையாகப் போனது.

“வாயத் துறக்கிறாவே இல்ல. தோத்துத்தான் வந்திரிக்கா” என்றார்கள் கடைக்கு வந்தவர்கள்.

“வெண்டா இப்பிடியா இரிப்பா? கல்முனைச் சந்தியில பெனர் அடிச்சிருப்பான் நளீம்.”

நளீமே கெஞ்சிப் பார்த்தான். “நான் கூடப்பொறந்த தம்பி. எனக்கு மட்டும் காதுக்குள்ள சொல்லு ராத்தா.”

“உண்ட காது ஊர்ட ஒலிபெருக்கி. போடா.”

கடிதங்கள் வழக்கம்போல வீதியைக் கடந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். ஒரே ஒரு வித்தியாசம். சேர் தாளை வாங்குவார், முழுதாக வாசிப்பார், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு தாளிலும் சிவப்பு இல்லை. சேருக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

ஒளிபரப்பு நாளான ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு முஸ்பிறாவின் வீட்டு மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. அண்டை அயலெல்லாம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு என்று அறிவித்தபோது ஒருத்தி “ச்சே, அதையேன் எழுதின கா?” என்றாள். முதல் சுற்றில் எல்லோரும் கவலையோடு தேத்தண்ணி குடித்தார்கள். படச் சுற்றில் நிமிர்ந்து இருந்தார்கள். சேர் வெள்ளிக்கிழமை என்று சொன்னபோது மண்டபமே “சரி! சரி!” என்று கத்தியது. அத்தனை பேருடைய வீட்டிலும் அது வெள்ளிராவுதான். பிழை என்றதும் எல்லோரும் தொலைக்காட்சியோடு சண்டைக்குப் போனார்கள். “கேள்வி கேக்கிறவளுக்கு என்ன தெரியும், கொழும்பில இருந்துகொண்டு!” பிறகு திரையில் முஸ்பிறா வியாழன் என்றாள். காரணத்தை வீட்டு முஸ்பிறா சொன்னாள். ஒவ்வொருவரும் சேரைப்போலவே விரல் மடித்து எண்ணினார்கள். பிறகு நளீம் பாய்ந்து எழுந்து பக்கத்திலிருந்தவருடைய தேத்தண்ணியைத் தட்டி விழுத்தினான். வெளியே யாரோ சீன வெடிக் கட்டொன்றைக் கொளுத்தினார்கள்.

“விட்டிருந்தாலும் வெண்டிருப்பியே ராத்தா! ஏன் சொன்ன நீ?”

“தெரிஞ்சதச் சொல்லாம ஏன்டா விடணும்?” என்றாள் முஸ்பிறா.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன்பே பதினொரு பேர் நின்றார்கள். முதல் ஆள் அச்சிமுகம்மது. வயலுக்குத் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு முறைப்பாட்டுக் கடிதம். முஸ்பிறா கேட்டாள், அடித்தாள், அச்செடுத்துக் கொடுத்தாள். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கடையை விட்டு இறங்கினார். கால் பழக்கத்தில் வீதியைக் கடக்கத் தொடங்கியது.

எதிர்ப்பக்கத்தில் முபாறக் சேர் கதிரையை விட்டு எழும்பி நின்றார்.

“அச்சிமுகம்மது! இங்க என்னத்துக்கு வாறாய்?” வீதி முழுக்கக் கேட்கும் குரல், வகுப்பறைக் குரல். “கந்தோர் அங்கால! அவ அடிச்சதில நான் பாக்க என்ன இரிக்கி? கிறுகிப் போ!”

அச்சிமுகம்மது நடு வீதியில் நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் முச்சக்கர வண்டிகள் ஹோன் அடித்தன. அவர் ஒருதரம் சேரைப் பார்த்தார், ஒருதரம் முஸ்பிறாவைப் பார்த்தார். பிறகு சாறனை ஒரு சாண் தூக்கிக்கொண்டு திரும்பி, வீதியோரமாகக் கந்தோர்ப் பக்கம் நடந்தார். வாசற் காவலாளியிடம் ஏதோ சொன்னார். உள்ளே போனார்.

முஸ்பிறா மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று அதைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்தாள்.

“அடுத்தாள் வாங்க” என்றாள்.